பெண் பார்க்க வந்த நோயாளி

அமெரிக்காவில் இருந்த என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போன் செய்வான். எங்கள் வீட்டில் அதைப் பேச்சாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அருள்வாக்கு. அப்பா தாலுகா ஆபீசில் இருந்த காலத்தில் பெரிய அதிகாரிகள் கூப்பிட்டால்கூட உட்கார்ந்துதான் பேசுவார். மகன் கூப்பிட்டால் எழுந்து நின்று, மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு ரிசீவரை எடுப்பார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள் முணுமுணுப்பதை ஒலிப்பதிவாக அனுப்புவார்கள், நம் ஊர்ப் பெண்கள் அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்பினால் கை நிறையச் சம்பளம் என்று ஒரு செய்தி திருநெல்வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று சொல்லும்போதே பல் சுளுக்கிக்கொள்ளும். அதைச் சொல்லித்தரும் இடங்கள் பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு போர்டு மாட்டியிருந்தன. நான் விலங்கியல் பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணத்துக்குக் காத்திருப்பது என்ற முழுநேர வேலையில் இருந்தேன்.

அண்ணன் போனில் சொன்னான். "அந்த வேலைக்குப் போகணும்னா முதல்ல நோய்ன்னா என்னன்னு தெரியணும். இங்கன ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் வழியாவே பாடம் நடத்துதாங்க. மனுஷ உடம்புல நோய் எப்படி வருது, எப்படி வளருது, எப்படி முடியுதுன்னு. ஒன்னயச் சேத்து விட்டுட்டேன்."

யாரிடமும் கேட்கவில்லை. சேர்த்து விட்டுவிட்டான். அருள்வாக்கு அப்படித்தான் வரும்.

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "நோய் எப்படி வருதுன்னு காலேஜ்ல போயா படிக்கணும். நாலு நாள் டவுண் பஸ்ல போனா தன்னால வருது" என்றார்.

அம்மா அப்படிச் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் திருநெல்வேலி டவுண் ரதவீதி முழுக்கச் செய்தி போய்விட்டது. "எம் மவ அமெரிக்கா காலேஜ்ல படிக்கால்லா."

"பாஸ்போர்ட்டு எடுத்தாச்சா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

"அதெல்லாம் வேண்டாம். சிட்டி பஸ்லயே போயிட்டு வந்துருதா."

சிட்டி பஸ் பாளையங்கோட்டை வரை போயிற்று. அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அதுவரை பாட்டு கேசட் பதிவு செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி, கடையை இன்டர்நெட் சென்டராக மாற்றியிருந்தார். ஒட்டுப் பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் லைன் இணையும்போது தகர டப்பாவுக்குள் தவளைகள் சண்டைபோடுவதுபோலச் சத்தம் வரும். மற்ற அறைகளில் காலேஜ் பையன்கள் வெளிநாட்டுப் பெண்களோடு சாட் செய்துகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்து வெளிநாட்டுப் பெண் பெரும்பாலும் மதுரையில் இன்னொரு சென்டரில் மீசையோடு உட்கார்ந்திருப்பான் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். தொழில் தர்மம் கருதிச் சொல்லமாட்டார்.

என் பாடங்களில் எழுத்து சீக்கிரம் வந்துவிடும். படங்கள்தான் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கும். பாதி ஈரல் வந்ததும் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மிச்ச ஈரல் வந்திருக்கும். கல் விழுந்த சிறுநீரகம், அடைத்த ரத்தக்குழாய், வெந்துபோன நுரையீரல் என்று எல்லாம் அப்படித்தான் தவணைமுறையில் வந்தன. தொற்றுநோய்ப் பாடம் நடந்த வாரம், மனித உடம்பில் எந்த இடம் என்று சட்டென்று பிடிபடாத ஒரு படம் மெல்ல மெல்ல இறங்கி, எந்த இடம் என்று எல்லோருக்கும் பிடிபடும் நேரத்தில் அண்ணாச்சி துடைக்கிற துணியோடு உள்ளே வந்தார். திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து வாசலோடு நின்றார்.

"யம்மா, இது குடும்பத்தாட்கள் வந்து போற இடம்."

"இது பாடம் அண்ணாச்சி."

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்லுதான்."

மறுநாள் என் அறைக்கு மட்டும் ஒரு திரை தொங்கியது. பூப்போட்ட பழைய சேலைத் துண்டு. அதற்கப்புறம்தான் மற்ற அறைகளில் இருந்தவர்களுக்கு என்மேல் மரியாதையே வந்தது. திரைபோட்டுப் பார்க்கிற அளவுக்கு இவள் என்னத்தைப் பார்க்கிறாள் என்று.

அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் இருந்தது. வாராவாரம் ஒவ்வொருவரும் தான் நேரில் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், அந்த வாரப் பாடத்தோடு சேர்த்து எழுதி வகுப்பின் பொதுப் பக்கத்தில் போடவேண்டும். மற்றவர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்பார்கள். என்னோடு படித்தவர்களில் ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். ஓர் அம்மாள் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். இன்னொரு பெண் குதிரை வளர்ப்பவள், மனிதர்கள் கிடைக்காத வாரம் குதிரையைப் பற்றி எழுதிவிடுவாள். எனக்கு அப்பாவும் அம்மாவும்தான் இருந்தார்கள்.

வீக்கம் பற்றிய பாடத்துக்கு அப்பாவின் இடது கணுக்காலை எடுத்துக்கொண்டேன். சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்று பாடத்தில் சொன்ன எல்லாமே அதில் இருந்தன. எழுதிப் போட்டேன். பெயர் கேள்விப்படாத ஊர்களில் இருந்தெல்லாம் அந்தக் காலை விசாரித்துப் பதில் வந்தது. பெருமையாக வீட்டில் சொன்னேன்.

அப்பா பேப்பரை மடித்தார். "யாரைக் கேட்டுட்டி எங் காலை அமெரிக்காவுக்கு அனுப்பினே?"

"பேரு போடலப்பா."

"பேரு போட்டிருந்தாலாவது ஒரு மருவாதி."

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா தும்மல் வந்தால் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தும்மினாள். எனக்கு நோயாளிப் பஞ்சம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் பாளையங்கோட்டையில் இருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மாப்பிள்ளை சென்னையில் பம்பு செய்யும் கம்பெனியில் எஞ்சினியர். அவர்களோடு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டு நாற்காலிகளைவிட அதிகம். எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஒரு ஜவுளிக்கடையின் குடோனாக வாடகைக்குப் போயிருந்ததால் எல்லோரும் மாடிக்கு ஏறி வரவேண்டும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையைப் பார்ப்பதாக அம்மா நினைத்துச் சந்தோஷப்பட்டாள். நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படி திரும்பும் இடத்தில் சுவரில் கைவைத்து நின்று, மூச்சு வாங்கி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறினார்கள். உட்கார்ந்த பிறகும் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. காப்பியைக் கையில் வாங்கியபோது டம்ளரும் டபராவும் கிணுகிணுவென்று பேசிக்கொண்டன. கண்கள் பெரிசு பெரிசாக முன்னால் தள்ளியிருந்தன.

அந்த வாரப் பாடம் சுரப்பிகள். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் முன்தள்ளும். பாடத்தில் இருந்த படத்துக்கும் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் சேலை மட்டும்தான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது.

"பாட்டு படிப்பியாம்மா?" என்று கேட்டார்கள்.

"இல்லத்தை. நோய் படிக்கேன்."

அம்மா பாய்ந்து வந்து அதற்குப் பொழிப்புரை சொன்னாள். அமெரிக்கா காலேஜ், கம்ப்யூட்டர், பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தினமும் காலையில் போய்ப் படித்துவிட்டு வருகிறாள், அங்கே இருக்கிற அண்ணாச்சி தங்கமான மனிதர், திரையெல்லாம் போட்டுத் தந்திருக்கிறார் என்று எல்லாவற்றையும். மாப்பிள்ளை தட்டில் இருந்த மிக்சரில் நிலக்கடலையைத் தனியாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு ஏதாவது கேக்கணும்னா கேளும்மா. இந்தக் காலத்துல பொண்ணுகளும் கேக்கணும்லா" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா. நல்ல மனசு. மகனிடம் கேட்கச் சொன்னார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

"அத்தை, ஒங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கா? வேர்த்து வேர்த்து வருதா? நல்லா சாப்பிட்டும் மெலியுதியளா?"

மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என் அம்மா சிரித்தபடியே இருந்தாள், அந்தச் சிரிப்பை எப்படிக் கழற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்த அத்தை என் பக்கம் திரும்பினார்கள். "மாடி ஏறினா யாருக்குத்தான் அடிக்காது" என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு அம்மா சொன்னாள். "கோட்டிக்காரி. நீயெல்லாம் எந்த வீட்டுல போயி வெளங்கப் போறே."

"பெத்த அப்பன் காலையே விடாதவ. மாமியா நெஞ்சை விடுவாளா" என்றார் அப்பா.

ஒரு சொந்தக்காரர் மூலமாகப் பதில் வந்தது. எங்களுக்கு வேண்டியது மருமகள், டாக்டரம்மா வேணும்னா ஆஸ்பத்திரிக்கே போய்க்கிடுதோம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னாராம். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு பாட்டம் அழுதாள். எனக்குப் பெரிதாக வருத்தமில்லை. அந்த வாரத்துக்கு நோயாளி கிடைத்திருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறிப் போய், தைராய்டு என்று அடித்துச் சொல்லி, ஒரு முழுப்பக்கம் எழுதிப் போட்டேன்.

பதில்கள் வந்தன. முதியோர் இல்லத்து அம்மாள் கேட்டிருந்தார்: அந்தக் கண் முன்பும் அப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் அப்படி ஆனதா? பழைய போட்டோ பார்த்தாயா? நீ கேட்ட கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார்? நேரான பதில் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அவரிடம் ஒரு கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே கேட்டேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. பாடம் நடத்துபவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார். நிரூபணம் எங்கே என்று. பாதி மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் பெருங்குடல் இறங்குவதற்காகக் காத்திருந்தபோது திரை விலகியது. அண்ணாச்சி என்று நினைத்துத் திரும்பினேன். அந்த அத்தை நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு வயர்க்கூடை.

"நீ இங்கனதான் இருப்பேன்னு ஒங்க அம்மா சொன்னாள்லா."

எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து எனக்குப் போட்டார். என் வீட்டிலிருந்து யாரோ வேவு பார்க்க வந்திருப்பதாக நினைத்தாரோ என்னவோ, "பிள்ளை படிப்பு உண்டு, அது உண்டுன்னு இருக்கும்" என்று கேட்காமலே சாட்சி சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். "இது என்னது, புடலங்காயா?"

"பெருங்குடல் அத்தை."

"இதைப் பாக்கவா டவுண்ல இருந்து பஸ் ஏறி வாறே." கூடையை மடியில் வைத்துக்கொண்டார்கள். "அன்னைக்கு ஏன் அப்படிக் கேட்டே?"

சொன்னேன். கை நடுக்கம், மூச்சு வாங்கல், கண். கண் என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்கள்.

"இது எங்க அப்பா கண்ணு. எங்க வீட்டுல அத்தனை பேருக்கும் ஆந்தை மாதிரித்தான். கல்யாணத்தன்னைக்கே எங்க மாமியா சொன்னா, முழிக்கிற முழியப் பாருன்னு."

என் தைராய்டு அந்த இடத்திலேயே உயிரை விட்டது.

"ஆனா நெஞ்சு அடிக்கது நெசம்" என்றார்கள் அத்தை. "அடுப்படியில இருந்து வாசலுக்கு வந்தா அடிக்கு. துணி காயப்போட்டா அடிக்கு. நீ கேட்டப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. பொறவு வீட்டுல போயி யோசிச்சேன். இத்தனை வருஷத்துல எங்கிட்ட இதை யாரும் கேட்டதில்ல."

பேசிக்கொண்டே கூடைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். நறுக் நறுக்கென்று கேட்டது. கொஞ்சம் பேசினார்கள், மறுபடியும் கை கூடைக்குள் போயிற்று.

"என்ன அத்தை திங்கிய?"

"பச்சரிசி. சும்மா வாய்க்கு." சின்னப் பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்கள். "ரெண்டு மூணு வருஷமா இதே எளவுதான். அரிசிப் பானைப் பக்கம் போனாலே கை தன்னால உள்ள போயிருது. பானை சீக்கிரம் கொறையுதுன்னு எங்க வீட்டுல அவிய எலிப்பொறி வாங்கியாந்து வச்சாவ. தெனமும் அதுல தேங்காச்சில்லு வேற மாத்துதாவ."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. ரத்தம் பற்றிய பாடம். அதை நான் காய்ச்சலோடு மேலோட்டமாகப் படித்துத் தள்ளியிருந்தேன். உடம்பில் இரும்புச் சத்து வற்றிப் போனால் சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி என்று கண்டதையும் தின்னத் தோன்றும் என்று அதில் ஒரு வரி இருந்தது. மூச்சு வாங்கல், படபடப்பு எல்லாமும் அதே பக்கத்தில் இருந்தன.

குரலைத் தாழ்த்தினேன். "அத்தை, மாசாமாசம் எப்படி இருக்கு?"

அத்தை திரையைப் பார்த்தார்கள். ஒட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்த கீபோர்டு சட்டென்று நின்றது. நான் பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன். மறுபடி தட்டத் தொடங்கியது.

"மாசாமாசம்னா சொல்ல முடியும்" என்று என் காதோடு சொன்னார்கள். "மாசத்துல பாதி நாளு அதான். போனா போய்க்கிட்டே இருக்கும். கட்டி கட்டியா."

"யாருட்டயும் சொல்லலியா?"

"யாருட்டச் சொல்ல? எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளைய. அவியட்டச் சொன்னா பேப்பருக்குப் பின்னால இருந்தே ம்ம் கொட்டுவாவ. நிக்கப் போற வயசுல்லா, அப்படித்தான் இருக்கும்னு நானே என்னயச் சமாதானம் பண்ணிக்கிட்டேன்."

திரையை விலக்கி, டியூப் லைட் வெளிச்சம் முகத்தில் விழும்படி திரும்பச் சொன்னேன். கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கினேன். உள்ளே சிவப்பாக இருக்கவேண்டிய இடம் நுங்கு நிறத்தில் இருந்தது. அத்தையின் ஆந்தைக் கண்ணைப் பார்த்து வாயைப் பிளந்த நான், அதற்கு அரை அங்குலம் கீழே பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "கண்ணுல தூசியாம்மா? இந்தப் பெட்டியை ரொம்ப நேரம் பாத்தா அப்படித்தான் ஆவும்."

"அண்ணாச்சி, இங்கன பக்கத்துல லேடி டாக்டர் யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

பின்தெருவில் ஒருவர் இருந்தார். பையப் பைய நடந்தோம். வழியில் ஒரு செருப்புக் கடை வாசலில் அத்தை கொஞ்சநேரம் உட்கார்ந்தார்கள். செருப்பு வாங்குவதுபோல ஒன்றிரண்டைக் காலில் போட்டும் பார்த்தார்கள்.

டாக்டர் தலை நரைத்தவர், பேச்சில் தண்ணீர் கலக்காதவர். அத்தையைப் படுக்கவைத்துப் பார்த்தார், இமையை இறக்கிப் பார்த்தார், நகங்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரு, மகளா?"

"இல்ல டாக்டர். மருமகளா வரவேண்டியவ. நாங்கதான் வேண்டாம்னுட்டோம்."

"ஏன்?"

"நெஞ்சு அடிக்கான்னு கேட்டா."

"நானுந்தான் கேக்கப் போறேன். என்னயும் வேண்டாம்னுருவியளா?"

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நான் விடாமல் தைராய்டையும் பார்க்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதையும் எழுதினார். முடிவு வந்தபோது தைராய்டு ஒரு குறையும் இல்லாமல் குத்துக்கல் மாதிரி இருந்தது. ரத்தம்தான் இருக்கவேண்டியதில் பாதிக்கும் கீழே. ஸ்கேனில் கருப்பையில் கட்டிகள் தெரிந்தன. பயப்படுகிற மாதிரிக் கட்டிகள் அல்ல, ஆனால் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருப்பவை. முதலில் ரத்தம் ஏற்றவேண்டும், அப்புறம் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

"இவ்வளவு ரத்தத்தை வச்சுக்கிட்டு மாடி ஏறிப் பொண்ணு வேற பாக்கப் போனியளா" என்று அத்தையைக் கேட்டார். என் பக்கம் திரும்பினார். "தைராய்டுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நானாத்தான் நெனச்சேன்."

"எங்க படிக்கே?"

"அமெரிக்கா காலேஜ்ல."

"அங்க இமையை எறக்கிப் பாக்கணும்னு சொல்லித்தரலியா?"

"அது முன்னாடியே வந்த பாடம் டாக்டர். அப்ப எனக்குக் காய்ச்சல்."

டாக்டர் சிரிக்கவில்லை. அத்தைதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிலேயே மூச்சு வாங்கியது.

வீட்டில் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நான் போயிருந்தேன். என் அம்மா வரவில்லை, ஆனால் ரசம் கொடுத்துவிட்டிருந்தாள். அத்தைக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வராந்தாவில் அந்தக் கோர்ட்டு குமாஸ்தா மாமா பெஞ்சில் உட்கார்ந்து மேல்துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். டாக்டரம்மா, மருமகள் என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லியனுப்பிய வாய் அது. ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"எலின்னு நெனச்சேம்மா" என்றார்.

துண்டை மறுபடி மடித்தார். ரசப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலைந்து நாளில் அத்தை படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். முதல் உத்தரவு எனக்கு.

"இந்தப் பய வாயத் தொறந்து ஒன்னும் பேசமாட்டான். ஆனா குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். நான் சொன்னா அவிய இப்ப மறுபேச்சு பேசமாட்டாவ. நீ யோசிச்சுச் சொல்லு."

அந்தப் பய வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்கு ரத்தம் கொடுப்பதற்காகச் சென்னையில் இருந்து வந்தவர், லீவை நீட்டித்து இருந்தார். நான் வெளியே வந்ததும் அவராகவே கிட்டே வந்தார். நிலக்கடலை இல்லாமல் அவரைப் பார்ப்பது புதிதாக இருந்தது.

"அம்மா கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாவ."

"நீங்க அன்னைக்கு அம்மாட்ட அப்படிக் கேட்டது எனக்குப் புடிச்சுது." சுவரைப் பார்த்தபடி பேசினார். "ஆனா சென்னையில எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு வருஷமா. வீட்டுல இன்னும் சொல்லல."

"பொறவு எதுக்கு என்னயப் பாக்க வந்திய?"

"கூப்பிட்டாங்க, வந்தேன்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "ஒங்க வீட்டுல யாருமே யாருட்டயும் எதையுமே சொல்ல மாட்டியளா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "பழக்கமில்ல" என்றார்.

"தையல் பிரிச்ச பொறவு சொல்லுங்க. முன்னாடி சொல்லிராதீங்க" என்றேன்.

சொன்னார். அத்தை இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தார்கள் என்று கேள்வி. மூன்றாவது வேளைக்கு, நல்லாச் சாப்பிடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பது ஞாபகம் வந்துவிட்டதாம். அந்தப் பெண்ணையே கட்டிவைத்தார்கள். நான் கல்யாணத்துக்கும் போனேன், மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கும் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்து இலையில் இருந்த ஒருவர், நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். டாக்டர் வீடு என்றார்கள் பரிமாறிக்கொண்டிருந்த அத்தை.

இதற்கிடையில் நான் அந்த நோயாளியைப் பற்றி வகுப்புப் பக்கத்தில் திருத்தி எழுதியிருந்தேன். தைராய்டு இல்லை, ரத்தசோகை, கூடைக்குள் பச்சரிசி இருந்தது என்று. எலிப்பொறியையும் விடவில்லை. குதிரைக்காரிக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. முதியோர் இல்லத்து அம்மாள், அவரிடம் என் அன்பைச் சொல் என்று எழுதியிருந்தார். அத்தையிடம் சொன்னேன். தன்னைப் பற்றி அமெரிக்காவில் படித்திருக்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு அப்பாவைப்போலக் கோபம் வரவில்லை.

"அவளுக்கு எத்தனை பிள்ளைய?" என்று கேட்டார்கள்.

"தெரியாதே அத்தை."

"எல்லாத்தையும் கேக்கே, இதைக் கேக்கலியா?"

படிப்பை முடித்தேன். சுமாரான மதிப்பெண்தான். அண்ணன் இதற்கு மேலே எதிர்பார்த்திருப்பான் போல, அந்த ஞாயிறு சீக்கிரம் போனை வைத்துவிட்டான். அப்புறம் கொஞ்சகாலம் பாளையங்கோட்டையிலேயே ஓர் இடத்தில், காதில் மாட்டிக்கொண்டு அமெரிக்க டாக்டர்களின் முணுமுணுப்பைக் கேட்டு டைப் அடித்தேன். அங்கேயும் டாக்டர்கள் வாயில் எதையோ மென்றுகொண்டுதான் பேசினார்கள். அவர்கள் பேசிக்கொண்டே போகையில், இமையை இறக்கிப் பார்த்தீரா என்று கேட்கத் தோன்றும். கேட்க வழியில்லாத வேலை.

ஆபரேஷனுக்கு அடுத்த தை மாசம் அத்தை என்னைக் குறுக்குத்துறைக்கு வரச் சொன்னார்கள். ஆற்றில் நடுப்பாறைகள் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் வண்ணமயமாகத் துணிகள் காய்ந்தன. அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனதும் ஒரு முங்கு முங்கினார்கள். ஆளைக் காணோம். எனக்கு நெஞ்சு அடித்தது. கொஞ்சம் தள்ளி, நான் எதிர்பார்க்காத இடத்தில் தலை எழும்பியது. கைகளை வீசிப் போட்டு நீந்திக்கொண்டே போனார்கள். ஆற்றுக்குள் நிற்கும் மண்டபத்துப் பக்கத்துப் பாறையைத் தொட்டுப் பிடித்து ஏறி உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தார்கள். அந்தத் தூரத்தில் இருந்தும் அந்தக் கண்கள் தெரிந்தன.

"நீங்க நீந்துவியன்னு சொல்லவே இல்லையே அத்தை" என்று கரையில் இருந்து கேட்டேன்.

"இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வந்து எத்தனை வருஷமாச்சு. வெளிய கெளம்பவே யோசனையா இருக்கும்லா, சேலையில பட்டுருமோன்னு." சாதாரணமாகத்தான் சொன்னார்கள். என் பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை கவலைப்படவில்லை. "ஏட்டி, எறங்குதியா, இல்ல கரையில நின்னு வாயப் பாத்துக்கிட்டு இருக்கப் போறியா?"

"எனக்கு நீச்சல் தெரியாது."

"முட்டளவுதான் வாயேன். நான் இருக்கேன்லா."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பாசி பிடித்த படியில் கால் வழுக்கி, முட்டளவில் நிற்கவேண்டியவள் கழுத்தளவில் போய் உட்கார்ந்தேன். மூக்குக்குள் தண்ணீர் ஏறியது. பாறையில் இருந்து அத்தை சிரிக்கும் சத்தம் ஆற்றின்மேல் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கவேயில்லை அவர்களுக்கு.